நம் பிள்ளைகளும் கணிதக் கல்வியும்

(சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டப்புறப் பெற்றோர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



விடியற்காலையில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய களைப்பையும் பாராமல் இங்கே கூடியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் கல்வியில் உங்களுக்குள்ள அக்கறைக்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணிதம். வள்ளுவப் பெருந்தகை கல்வியைப் பற்றிச் சொல்ல வந்த இடத்தில் எழுத்துக்கு முன்னே எண்ணை வைத்தார். ஆயினும் நம் வீடுகளில், பிள்ளை பாடம் வாசிக்கிறானா என்று கேட்கும் அளவுக்கு, கணக்கு அவனுக்குப் புரிகிறதா என்று நாம் கேட்பதில்லை.

சுங்கை பாக்காப் வட்டாரத்தின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் தென் செபராங் பிறை கரும்புத் தோட்டங்களின் பூமியாக இருந்தது. நம் முன்னோரில் பலர் கரும்பு வெட்டுவதற்கென்றே ஒப்பந்தக் கூலிகளாக இங்கே கொண்டுவரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பின்னர் செம்பனையும் வந்தது. இன்று பத்து காவானில் தொழிற்பேட்டை எழுந்து நிற்கிறது. 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. மின்னணுக் கருவிகளும் மருத்துவக் கருவிகளும் செய்யும் ஆலைகள் நம் வாசலுக்கே வந்துவிட்டன.

நம் பிள்ளைகள் அந்த ஆலைகளின் வாயிலுக்குள் நுழையத்தான் போகிறார்கள். எந்த நிலையில் நுழைவார்கள் என்பதே கேள்வி. அளவுகளைப் படிக்கத் தெரிந்தவன், விழுக்காடு காணத் தெரிந்தவன், வரைபடத்தைப் பார்த்து எங்கே பிழை நேர்ந்தது என்று சொல்லத் தெரிந்தவன் தொழில்நுட்பராகலாம். தெரியாதவன் பெட்டி கட்டும் வேலையிலேயே நின்றுவிடக்கூடும். இந்த வேறுபாட்டின் விதை, பிள்ளை ஒன்பது பத்து வயதில் வகுப்பறையில் அமர்ந்திருக்கும்போதே விழுந்துவிடுகிறது.

“கணக்கு வராது” என்னும் சொல்

நம்மிடையே ஒரு சொல் உலவுகிறது: “அவனுக்குக் கணக்கு வராது.” பிள்ளையின் எதிரிலேயே இதைச் சொல்லிவிடுகிறோம். சில வேளைகளில் அனுதாபத்தோடு, “எனக்கும் வராது, என் பிள்ளைக்கும் வரவில்லை” என்கிறோம். கணிதம் தலைமுறை வழியே இறங்கும் நோயன்று. பெண் பிள்ளைகளுக்குக் கணிதம் ஒத்துவராது என்பதும் வெறும் கூற்றே. கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளுள் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014இல் ஈரான் நாட்டில் பிறந்த மரியம் மிர்சாக்கானி என்ற பெண்மணி பெற்றார்.

இது தோட்டப்புறத்திற்கு மட்டும் உரிய கவலையன்று. உலக நாடுகளின் மாணவர்களை ஒப்பிடும் ‘திம்ஸ்’ என்ற ஆய்வில் நம் நாட்டின் இரண்டாம் படிவ மாணவர்கள் 1999இல் கணிதத்தில் 519 புள்ளிகள் பெற்றனர். அந்த அளவுகோலின் மையம் 500. அதே மாணவர் நிலை 2011இல் 440ஆக இறங்கி, 2019இல் 461ஆக இருந்தது. நாடு முழுவதிலும் உள்ள வகுப்பறைகள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

பிள்ளை கணிதத்தை ஒரே நாளில் இழப்பதில்லை. கணிதம் ஏணியைப் போன்றது. இரண்டாம் ஆண்டில் இடமதிப்பு விளங்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் கழித்தல் தடுமாறும். பெருக்கல் வாய்பாடு கைவராவிட்டால் நான்காம் ஆண்டில் பின்னம் இருட்டாகும். பின்னம் இருட்டானால் ஐந்தாம் ஆண்டில் விழுக்காடு வெறும் சடங்காகும். அதன்பின் அவன் வகுப்பில் அமர்ந்திருப்பான், கரும்பலகையில் உள்ளதை அழகாகப் படியெடுப்பான், ஆனால் கற்கமாட்டான். அமைதியாக இருக்கும் அந்தப் பிள்ளையைத்தான் நாம் முதலில் தேட வேண்டும்.

முன்னோர் வைத்துச் சென்ற செல்வம்

தமிழருக்குக் கணிதம் புதியதன்று. தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எண்ணும் எழுத்தும் கற்றனர். எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை உரத்துச் சொல்லி மனத்தில் இருத்தினர். வளர்ந்த மாணாக்கன் இளைய மாணாக்கனுக்குச் சொல்லிக் கொடுத்தான். 1789 முதல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றைப் பொறுப்பேற்று நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மணலில் எழுதும் முறையை இந்தியப் பள்ளிகளில் கண்டு தம் பள்ளியிலும் கையாண்டார். மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திக் காட்டி, 1797இல் அதைப் பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே பல நாடுகளில் பரவியது.

நம் மொழியில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. முக்கால், அரை, கால் ஆகியவை இன்றும் வழக்கில் உள்ளன. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பெயர்களுக்குள்ளே கணிதமே அடங்கியிருக்கிறது. ‘அரைக்கால்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: காலில் அரை. கால் பங்கைப் பாதியாக்கினால் எட்டில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது என்னும் கடினமான பாடம் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. பதினாறில் ஒன்றுக்கு ‘மாகாணி’ என்று பெயர். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதனோடு எண்பதில் ஒன்றைக் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பகுதி எண்களைச் சமமாக்கிக் கூட்டுவதை இந்தச் சொல்லைக் கொண்டே வகுப்பில் விளக்கிவிடலாம்.

இதனால் பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று நாம் கூறவில்லை. மனனம் தேவை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது நாவில் நிற்காவிட்டால் பெரிய கணக்கில் மனம் சிதறிவிடும். ஆனால் பொருள் புரியாத மனனம் மழை நாளில் சீவிய மரத்தைப் போன்றது. உழைப்பு இருக்கும், மங்கில் பால் தங்காது.

கையில் எடுத்தது கருத்தில் நிற்கும்

பிள்ளை முதலில் பொருளைத் தொட்டு எண்ண வேண்டும். அடுத்து அதைப் படமாக வரைய வேண்டும். அதன் பிறகே எண்ணாகவும் குறியாகவும் எழுத வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் ஜெரோம் புரூனர் 1960களில் இந்த மூன்று படிகளை விளக்கினார். 1980களில் சிங்கப்பூர் தன் தொடக்கப்பள்ளிக் கணிதத்தை இந்த வரிசையிலேயே அமைத்தது. 1983இல் நம் நாட்டில் அறிமுகமான கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டமும் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றையே அடித்தளமாகக் கொண்டு, செய்து கற்பதை வலியுறுத்தியது.

விலை உயர்ந்த கருவிகள் இதற்கு வேண்டியதில்லை. தோட்டத்தில் ரப்பர் கொட்டைக்குப் பஞ்சமா? பத்துக் கொட்டைகளை ஒரு சிரட்டையில் போடுக. பத்துச் சிரட்டைகளை ஒரு வாளியில் போடுக. ஒற்றைக் கொட்டை ஒன்று, சிரட்டை பத்து, வாளி நூறு. இடமதிப்பு கைக்கு வந்துவிட்டது. ஒரு ரப்பர் காயில் பொதுவாக மூன்று கொட்டைகள் இருக்கும். காய்களை அடுக்கி வைத்தால் மூன்றாம் வாய்பாடு தானே எழும். பச்சை ரப்பர் கொட்டையில் நச்சுத்தன்மை உண்டாதலால், சிறு பிள்ளைகள் அதை வாயில் வைக்காதபடி பெரியோர் கவனித்துக்கொள்ள வேண்டும்.

படமாக வரைவதற்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். “முத்துவிடம் ராணியைப்போல் மூன்று மடங்கு கொட்டைகள் உள்ளன. இருவரிடமும் சேர்த்து 48. ஒவ்வொருவரிடமும் எத்தனை?” இதைக் கேட்டதும் பல பிள்ளைகள் 48ஐ மூன்றால் வகுத்துவிடுவர். ராணிக்கு ஒரு கட்டம், முத்துவுக்கு அதே அளவில் மூன்று கட்டங்கள் வரையச் சொல்லுங்கள். நான்கு கட்டங்கள் சேர்ந்து 48, எனவே ஒரு கட்டம் 12. ராணியிடம் 12, முத்துவிடம் 36. மூன்றால் அல்ல, நான்கால் வகுக்க வேண்டும் என்பதைப் படமே சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதம்’ என்று வந்தால் கழி என்று சொல்லைப் பிடித்துக் கணக்குப் போடும் பழக்கம் ஆபத்தானது. “ராணி தன் தம்பிக்கு 12 கொட்டைகள் கொடுத்தாள். அவளிடம் மீதம் 20 இருந்தது. முதலில் எத்தனை வைத்திருந்தாள்?” இங்கே ‘மீதம்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் கூட்டினால்தான் 32 என்ற விடை கிடைக்கும். பிள்ளை படிக்க வேண்டியது நிகழ்ச்சியை, தனிச் சொல்லை அன்று.

தவற்றுக்குள்ளே ஒரு நியாயம்

பிள்ளையின் தவறான விடையைக் கண்டதும் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போடுவது எளிது. அந்தத் தவறு எப்படி வந்தது என்று கேட்பதே கற்பித்தல்.

நூற்று ஐந்து என்பதைச் சில பிள்ளைகள் 1005 என்று எழுதுவர். கவனக்குறைவினால் அவர்கள் அப்படி எழுதவில்லை. நூறு என்பதை 100 என்று எழுதி, அதனருகே 5ஐ வைத்தனர். காதில் விழுந்தபடியே எழுதினர். இவர்களுக்கு அடி தேவையில்லை, வாளியும் சிரட்டையும் தேவை.

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்டு, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதிவிட்டான். ஐந்து சிரட்டைகளில் ஒன்றைக் கொட்டிப் பன்னிரண்டு ஒற்றைக் கொட்டைகளாக்கி, அதிலிருந்து ஏழை எடுத்துக் காட்டினால் 25 என்ற விடை தானே விளங்கும்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுபவன் மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டியிருக்கிறான். “ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியதாயிற்றே. அரையோடு ஒன்றைக் கூட்டினால் குறையுமா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பத்துப் பயிற்சிகளுக்குச் சமம். 0.45 என்பது 0.5ஐ விடப் பெரியது என்பவன், 45 ஐந்தைவிடப் பெரியது என்ற பழைய அறிவைக் கொண்டுவந்திருக்கிறான். 45 சென்னையும் 50 சென்னையும் அவன் கையில் வைத்தால் தன் பிழையைத் தானே காண்பான்.

நம் மொழியே வைக்கும் ஒரு தடையும் உண்டு. இருபது, முப்பது என்று தொடங்கி எண்பது வரை சொற்கள் ஒழுங்காக வருகின்றன. அடுத்து வரும் தொண்ணூறு ‘நூறு’ என்று முடிகிறது. எண்ணூறுக்குப் பின் வரும் தொள்ளாயிரம் ‘ஆயிரம்’ என்று முடிகிறது. ஒன்பதோ ‘பது’ என்று முடிகிறது. ஆகவே தொள்ளாயிரத்தை எழுதச் சொன்னால் நான்கு இலக்கங்கள் எழுதும் பிள்ளையைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை. மலாய் மொழியில் 9, 90, 900 ஆகியவை செம்பிலான், செம்பிலான் புலோ, செம்பிலான் ராத்துஸ் என ஒரே ஒழுங்கில் நிற்கின்றன. ஆங்கிலத்திலும் இடறும் இடம் உண்டு. 13 முதல் 19 வரை ஒன்றின் இலக்கத்தையே முதலில் சொல்கிறார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் முதலாம் இரண்டாம் ஆண்டிலேயே இந்த மூன்று சொற்களுக்கும் தனியாக நேரம் ஒதுக்கினால் பிற்காலத் துன்பம் பெரிதும் குறையும்.

பால்மரத்தடியில் ஒரு வகுப்பறை

தோட்டத்து வேலை முழுவதும் கணக்கே என்பதை நீங்கள் அறிவீர்கள். உங்கள் அறிவு பள்ளிப் பாடத்தோடு சேர வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

ஒருவர் 30 கிலோ பால் கொண்டுவருகிறார். அதில் உலர்ந்த ரப்பர் 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அவர் கொண்டுவந்த ரப்பர் 10.5 கிலோ. மறுநாள் அதே அளவு பால் இறங்கியும், மங்குகளில் மழைநீர் கலந்து எடை 35 கிலோ ஆகிறது. எடை கூடியதால் ரப்பர் கூடியதா? இல்லை. ரப்பர் அதே 10.5 கிலோதான். 35இல் 10.5 என்பது 30 விழுக்காடு. எடை ஏறியது, விழுக்காடு இறங்கியது, இரண்டையும் பெருக்கிய தொகை மாறவில்லை. விழுக்காடு என்பது எதனுடைய விழுக்காடு என்று கேட்க வேண்டும் என்ற உண்மையை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டிவிட முடியாது. மேலும், பால் நிறுக்கும் இடத்தில் எழுதப்படும் எண்களைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளை, தன் பெற்றோரின் உழைப்புக்கும் காவலாகிறது.

இன்னொரு கணக்கு. ஒரு முறை சீவும்போது 1.5 மில்லிமீட்டர் பட்டை போகிறது என்று கொள்வோம். ஒரு நாள்விட்டு ஒரு நாள் சீவினால் மாதம் 15 முறை. மாதம் 22.5 மில்லிமீட்டர், அதாவது 2.25 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டர் பட்டை 40 மாதங்களுக்கு வரும். கை சற்றே அழுந்தி ஒவ்வொரு முறையும் 2 மில்லிமீட்டர் போனால் மாதம் 3 சென்டிமீட்டர். அதே பட்டை 30 மாதங்களில் தீர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் வேறுபாடு பத்து மாதங்களை விழுங்கிவிடுகிறது. தசம எண் என்றால் புத்தகத்துப் புள்ளி என்று எண்ணியிருந்த பிள்ளைக்கு, அந்தப் புள்ளிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருப்பது இப்போது தெரியும்.

வடிவியலும் மரத்திலேயே உள்ளது. ஒரு மரத்தின் சுற்றளவை நூலால் அளந்து 66 சென்டிமீட்டர் என்று கண்டால், ஏழில் இருபத்திரண்டு என்ற அளவைக் கொண்டு அதன் விட்டம் 21 சென்டிமீட்டர் என்று மரத்தை அறுக்காமலே சொல்லலாம். பால் டின்னைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, சீவுகோட்டைப்போல் சரிவாக ஒரு கோடு வரைந்து, காகிதத்தைப் பிரித்து விரித்தால், மரத்தில் வளைந்து இறங்கிய கோடு நேர்கோடாகிவிடும். இதைக் கண்ட பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பே கணிதக் கல்வியின் தொடக்கம்.

கணிதம் பேசும் மொழி

நம் பிள்ளைகள் கணிதத்தை எந்த மொழியில் கற்பது என்பது இந்நாட்டில் பலமுறை எழுந்த வினா. 2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. 2009 ஜூலையில் அக்கொள்கையை மாற்றும் முடிவை அரசாங்கம் அறிவித்தது. அதன்பின் தமிழ்ப்பள்ளிகளில் கணிதம் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பியது. 2016இல் இருமொழித் திட்டம் தொடங்கியபின், அதில் சேர்ந்த பள்ளிகளில் ஆங்கிலவழிக் கற்றலும் நடைபெறுகிறது. எந்த மொழியானாலும், சிறு பிள்ளை தனக்கு நன்கு விளங்கும் மொழியில்தான் முதலில் சிந்திக்கிறது. சிந்தனை தெளிந்தபின் சொற்களை மாற்றிக்கொள்வது அரிதன்று.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அங்கே பெரும்பாலும் தேசிய மொழியில் கணிதம் பயில வேண்டும். கணக்குத் தெரிந்தும் சொல் தெரியாமல் தடுமாறி, “எனக்குக் கணக்கு வராது” என்று அவன் முடிவு செய்துவிடக்கூடாது. ஆகவே ஐந்தாம் ஆண்டு முதற்கொண்டே சில சொற்களை இணைத்துப் பழக்குவது நலம். கூட்டல் என்பது தம்பா, கழித்தல் தோலாக், பெருக்கல் டாராப், வகுத்தல் பஹாகி, பின்னம் பெச்சாஹான், விழுக்காடு பெராத்துஸ். இவ்வாறு ஐம்பது சொற்களை ஒரு சிறு நோட்டில் எழுதிவைத்தால், ஒரு பெரிய ஆற்றுக்குப் பாலம் போட்டதாகும்.

வழிகாட்டிய ஆசிரியர்கள்

கணித மேதை இராமானுஜனை நாம் அனைவரும் அறிவோம். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். காகிதம் வாங்க வசதியின்மையால் சிலேட்டில் கணக்கிட்டு, முடிவுகளை மட்டும் நோட்டுகளில் எழுதிவைத்தார். ஆனால் எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் ஆக வேண்டியதில்லை. நாம் நினைவுகூர விரும்புவது, அவர் புகழைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுசேர்த்த ஓர் ஆசிரியரை. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் இராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டார். காகிதம் மடித்தும், விளையாட்டுகள் வைத்தும், பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி கணிதம் கற்பிப்பதற்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1993இல் சென்னை இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவாக அவர் துணை நின்றார்.

மராட்டியத்தில் நாசிக் அருகே தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் காப்ரேக்கர். அவர் 1949இல் கண்டறிந்த ஒரு விந்தையை இன்றிரவே உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். இலக்கங்கள் நான்கும் ஒன்றாக இருக்கக்கூடாது. 3524 என்று வைப்போம். இலக்கங்களை இறங்குவரிசையில் வைத்தால் 5432, ஏறுவரிசையில் 2345. கழித்தால் 3087. மீண்டும் அவ்வாறே 8730இலிருந்து 0378ஐக் கழித்தால் 8352. மீண்டும் 8532இலிருந்து 2358ஐக் கழித்தால் 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். வேறு எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் அங்கேயே வந்து சேரும். பிள்ளை ஆர்வத்தோடு பத்து எண்களைச் சோதித்தால், அலுப்பே இல்லாமல் பல கழித்தல் கணக்குகளைச் செய்து முடித்திருப்பான்.

பெற்றோர் செய்யக்கூடியவை

“நாங்கள் அதிகம் படிக்கவில்லையே, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

முதலாவதாக, விடை சரியா தவறா என்று கேட்பதற்குப் பதிலாக, “இதை எப்படிக் கண்டாய்?” என்று கேளுங்கள். தமிழ் தெரிந்த எந்தத் தாயும் தந்தையும் கேட்கக்கூடிய கேள்வி இது. சொல்லிக்காட்டும் பிள்ளை தன் பிழையைப் பாதி வழியில் தானே பிடித்துவிடும்.

இரண்டாவதாக, கடைக்குப் பிள்ளையை அனுப்புங்கள். 2008 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி நம் நாட்டில் ரொக்க விலைத்தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. 7 ரிங்கிட் 42 சென் என்றால் 7.40, 43 சென் என்றால் 7.45, 48 சென் என்றால் 7.50. காசு கொடுக்கும் முன்னே எவ்வளவு ஆகும் என்று பிள்ளை சொல்லட்டும்.

மூன்றாவதாக, தவணைக்குப் பொருள் வாங்கும்போது பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ரொக்க விலை 1,000 ரிங்கிட் உள்ள ஒரு பொருளை மாதம் 60 ரிங்கிட் வீதம் 24 மாதம் கட்டச் சொன்னால் நாம் கட்டுவது 1,440 ரிங்கிட். 60 ரிங்கிட் சிறியதாகத் தோன்றும், 440 ரிங்கிட் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பெருக்கலைப் பிள்ளை வீட்டில் செய்து காட்டினால் குடும்பமே பயன்பெறும்.

நான்காவதாக, சம்பளச் சீட்டை மறைத்து வைக்காதீர்கள். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் சேமநிதிக்குத் தொழிலாளர் பங்கு 11 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 187 ரிங்கிட் என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளை கணக்கிடலாம். தாய் தந்தையின் வியர்வை எத்தனை ரிங்கிட் என்பதும் அவனுக்குத் தெரியட்டும்.

ஐந்தாவதாக, 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆறாம் ஆண்டின் இறுதியில் எச்சரிக்கை மணி அடிக்கும் என்று முன்போல் காத்திருக்க இயலாது. ஆசிரியரைச் சந்தித்து, “என் பிள்ளைக்கு எது விளங்கவில்லை?” என்று குறிப்பாகக் கேளுங்கள். “எத்தனை மதிப்பெண்?” என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியை நாம் அறிவோம். ஆயினும் நாளுக்கு ஒரு கணக்கையாவது மாணவர்கள் தம்முள் பேசி, இரண்டு வழிகளில் செய்து, எது சிறந்தது என்று வாதிடும்படி விடுங்கள். முந்திக்கொண்டு கையை உயர்த்தும் பிள்ளையிடம் விடையை வாங்கிவிட்டால் மற்றவர்களின் சிந்தனை அங்கேயே நின்றுவிடும். சற்றுக் காத்திருங்கள். கடைசி வரிசைப் பிள்ளையும் ஒரு நாள் கையை உயர்த்துவான்.

பெற்றோர்களே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் வழி மலாயாத் தோட்டங்களில் பள்ளிகள் பெருகியபோது, அவை பெரும்பாலும் ஒரே அறையும் ஓர் ஆசிரியரும் கொண்டவையாக இருந்தன. அங்கே படித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கிறார்கள். அந்தச் சிறு அறைகளில் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. நம் வீட்டில் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டு மௌனமாக அமர்ந்திருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், இன்று மாலை அந்த நோட்டைத் திறந்து அதன் அருகில் அமருங்கள். “எப்படிக் கண்டாய்?” என்று கேட்டுவிட்டு, அது சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேளுங்கள்.